காணாமற்போனவரை நினைத்தலும் காத்திருப்போரைத் தாங்குதலும்

மரணத்துக்கென்று நம்மிடையே ஒரு முறைமை உண்டு. செய்தி சொல்லி அனுப்புகிறோம், உறவினர் கூடுகின்றனர், அழுவோர் அழுகின்றனர், அண்டை வீட்டார் சோறு சமைத்துக் கொண்டுவருகின்றனர். பதினாறாம் நாள் காரியம், நாற்பதாம் நாள் பாத்திஹா, முப்பதாம் நாள் திருப்பலி என்று ஒவ்வொரு சமயத்தாரும் துயரத்துக்கு ஒரு காலத்தையும் அக்காலத்துக்கு உரிய கடமைகளையும் வகுத்து வைத்துள்ளனர். இழப்பின் வலி அவற்றால் நீங்கிவிடுவதில்லை. ஆயினும், அழுவதற்கு ஓர் இடமும் எழுந்து நடப்பதற்கு ஒரு நாளும் அவற்றால் கிடைக்கின்றன.

ஒரு நாள் வீட்டை விட்டுச் சென்று திரும்பாத இருபது வயது மகனுக்கோ மகளுக்கோ இம்முறைமைகளுள் ஒன்றும் பொருந்துவதில்லை. காரியம் செய்தால் உயிரோடிருப்பவரைக் கொன்றது போலாகும் என்ற அச்சம் ஒரு புறம். செய்யாமல் விட்டால் இறந்தவரை அலையவிட்டது போலாகும் என்ற அச்சம் மறு புறம். உறவினருக்கும் எப்போது வருவது, என்ன சொல்வது என்று தெரிவதில்லை. நாளடைவில் வருகையும் நின்றுபோகிறது. இத்தகைய குடும்பத்தினர் நம் மருத்துவமனைக்கும் வருகின்றனர். உறக்கமின்மை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கட்டுப்படாத இரத்த அழுத்தம் என்று ஏதேனும் ஒரு காரணத்தைச் சொல்லி மருந்து பெற்றுச் செல்கின்றனர். உண்மைக் காரணத்தைக் கேட்பாரும் இல்லை; அவர்கள் சொல்வதும் இல்லை. அவர்களுக்காகவும் அவர்களைச் சூழ்ந்திருப்போருக்காகவும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

இத்துயருக்கு ஒரு பெயர் உண்டு

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலின் பாஸ், குடும்ப நல ஆய்வில் முன்னோடி. வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை அவர் 1970களில் ஆராய்ந்தார். இறந்ததற்குச் சான்றில்லை, உயிரோடிருப்பதற்கும் சான்றில்லை. அந்நிலையில் வாழ்ந்த மனைவியர், மக்கள் ஆகியோரின் துயர் சாதாரண மரணத்துயரினின்று வேறானது என்பதைக் கண்டு அதற்கு ‘ஆம்பிகுவஸ் லாஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் இதனை ‘முடிவறியா இழப்பு’ எனலாம். இதே பெயரில் அவர் எழுதிய நூல் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் தகர்ந்த பின்பு, உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களுக்குத் துணைநிற்கவும் அவர் அழைக்கப்பட்டார்.

இவ்விழப்பு இரு வகைப்படும். ஆள் கண்ணெதிரே இல்லை, ஆனால் மனம் முழுவதும் அவரே நிறைந்திருக்கிறார் என்பது ஒன்று. காணாமற்போனவர்களின் குடும்பங்கள் இவ்வகையின. ஆள் அருகிலேயே இருக்கிறார், ஆனால் பழைய மனிதராக இல்லை என்பது மற்றொன்று. மறதி நோயாலோ தலைக்காயத்தாலோ பாதிக்கப்பட்டவரைப் பராமரிப்போர் இதனை அறிவர். இரண்டாவது வகையை அனுபவித்து வருவோர் முதல் வகையின் வலியை எளிதில் உணர்வர்.

நம் தமிழ் மண்ணிலும் இத்துயர் புதிதன்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் கரை திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்ட இளைஞர்களின் தாய்மார், 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கினர். ஓரிடத்தில் காரணம் கடல், மற்றோரிடத்தில் போர். வாசலைப் பார்த்தபடி இருக்கும் தாயின் நிலை மட்டும் இரண்டிலும் ஒன்றே.

காத்திருப்பு உடலில் என்ன செய்கிறது

ஆபத்து நேரும்போது உடல் விழிப்பு நிலைக்குச் செல்லும். ஆபத்து நீங்கியதும் தளரும். இது இயற்கை. முடிவறியா இழப்பில் ஆபத்து நீங்கிற்று என்று உடலுக்குச் சொல்லும் செய்தி வருவதே இல்லை. தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு பதறுகிறது. வாசலில் காலடி கேட்டால் உறக்கம் கலைகிறது. செய்தித்தாளில் ‘அடையாளம் தெரியாத இளைஞரின் உடல்’ என்ற வரியைக் கண்டால் கை நடுங்குகிறது. இவ்விழிப்பு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது உறக்கம் கெடுகிறது, பசி குறைகிறது, நினைவு தடுமாறுகிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் மருந்தை மறக்கின்றனர். ‘பிள்ளை எங்கே கிடக்கிறதோ, எனக்கு மாத்திரை ஒரு கேடா?’ என்று எண்ணி வேண்டுமென்றே நிறுத்துவோரும் உண்டு.

இவ்வாறு துன்புறுவதாலேயே ஒருவரை மனநோயாளி என்று கருதிவிடல் ஆகாது. கோளாறு அவருடைய மனத்தில் இல்லை. அவர் வைக்கப்பட்டுள்ள நிலையிலேயே உள்ளது. இயல்புக்கு மாறான ஒரு நிலைக்கு மனித மனம் காட்டும் இயல்பான எதிர்வினை இது. ஆயினும், இந்நிலையிலிருந்து மனச்சோர்வு நோயும் பதற்ற நோயும் தோன்றலாம். அவை மருத்துவத்தால் தணியக்கூடியவை. சிகிச்சை பெறுவதால் காத்திருப்பைக் கைவிட்டதாகாது. காத்திருக்கும் வலிமையே அதனால் கூடுகிறது.

‘அன்று நான் அப்படிப் பேசாதிருந்தால்’

இளையவர் காணாமற்போன வீடுகள் பலவற்றில் இவ்வாக்கியம் ஒலிக்கிறது. தேர்வில் தோற்றதற்குத் திட்டினோம், காதலை மறுத்தோம், கைப்பேசியைப் பறித்தோம், பணம் இல்லை என்றோம் என்று ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு குற்றப்பத்திரிகை வைத்திருக்கின்றனர். ஒரு மனிதர் வீட்டை விட்டு விலகுவது பெரும்பாலும் ஒரே சொல்லால் நேர்வதன்று. மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்கள் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குவது மிகுதி. அவற்றின் தொடக்கத்தில் காரணமில்லாத அச்சம், தனிமை, வீட்டார் மீதே ஐயம் ஆகியவை தோன்றும். அந்நிலையில் வெளியேறிய ஒருவரை அன்றைய வாக்குவாதம்தான் வெளியேற்றிற்று என்று சொல்ல முடியாது. தெரியாத காரணத்துக்குத் தெரிந்த ஒரு சொல்லைப் பொறுப்பாக்கிக்கொள்ள மனம் விரைகிறது. ஏனெனில், ஒன்றும் தெரியாமலிருப்பதைவிடக் குற்றவாளியாக இருப்பது அதற்கு எளிதாகத் தோன்றுகிறது. இதனை அறிந்துகொள்வது நிம்மதிக்கு முதற்படி.

ஒரே வீட்டில் இரு நம்பிக்கைகள்

தந்தை ‘அவன் இனி இல்லை’ என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார். தாயோ இரவுதோறும் ஒரு தட்டுச் சோற்றை மூடி வைக்கிறார். ஒருவர் வீட்டை மாற்ற விரும்புகிறார். மற்றவர் ‘வந்தால் எங்கே தேடுவான்?’ என்று பழைய வாடகை வீட்டையும் பழைய கைப்பேசி எண்ணையும் விடாமல் வைத்திருக்கிறார். தங்கையின் திருமணப் பேச்சு ஆண்டுகளாக ஒத்திப்போகிறது. திருமணமானவர் காணாமற்போயிருந்தால், அவர் மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதை ஊரே விவாதிக்கிறது.

இக்குடும்பத்தில் எவரும் பிழை செய்யவில்லை. சான்று இல்லாத இடத்தில் ஒவ்வொரு மனமும் தான் தாங்கக்கூடிய விடையைத் தேர்ந்துகொள்கிறது. அனைவரும் ஒரே விடைக்கு வரவேண்டும் என்று வற்புறுத்துவதுதான் குடும்பத்தை உடைக்கும். ‘உங்கள் எண்ணம் வேறு, என் எண்ணம் வேறு, இருவரும் அவனுடைய பெற்றோரே’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் வீடு நிலைக்கும்.

பாலின் பாஸ் குடும்பங்களுக்குக் கற்பித்த பயிற்சிகளுள் முதன்மையானது இது: ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எண்ணங்களை ஒருசேர ஏந்துதல். ‘அவள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.’ ‘நான் தேடுவேன், என் மற்றப் பிள்ளையின் படிப்பையும் கவனிப்பேன்.’ ‘இன்று எனக்கு அழுகை வருகிறது, இன்று ஒரு முறை சிரிக்கவும் செய்தேன்.’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்ற நெருக்கடியை விட்டால் மனத்தின் பளு குறைகிறது. துயரத்தை முற்றிலும் முடித்துவைப்பது என்ற ஒன்று இங்கே இல்லை என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். முடிவில்லாத ஒன்றோடு வாழப் பழகுவதே வழி.

வீட்டிலுள்ள பிற பிள்ளைகளை மறவாதீர்கள். காணாமற்போனவரைப் பற்றியே வீடு பேசும்போது, இருக்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாதவர் ஆகிவிடுகிறார். அவருடைய மதிப்பெண், காய்ச்சல், பிறந்தநாள் ஆகியவற்றைக் கவனிக்க ஒருவரேனும் வேண்டும். தாய் தந்தையரால் இயலாத நாள்களில் அத்தையோ சித்தப்பாவோ தாத்தாவோ அப்பொறுப்பை ஏற்கட்டும். சிறுவர்களிடம் பொய் சொல்ல வேண்டாம். ‘அண்ணன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியவில்லை, தேடுகிறோம், உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்பதே போதும்.

எவ்வாறு நினைவுகூர்வது

நம் வழக்கில் புகைப்படத்துக்கு மாலை இட்டால் அவர் இறந்தவர் என்று பொருள். ஆகவே பல குடும்பங்கள் படத்தை வெளியே வைக்கவே அஞ்சுகின்றன. மாலையிடாமல், விளக்கேற்றாமல், மற்றக் குடும்பப் படங்களோடு அவர் படத்தையும் வைக்கலாம். அவர் பிறந்தநாளில் அவருக்குப் பிடித்த உணவைச் சமைத்து உறவினரை அழைக்கலாம்; அவர் பெயரில் ஒரு மாணவருக்குப் புத்தகம் வாங்கித் தரலாம்; அவர் நட்ட செடிக்கு நீர் வார்க்கலாம். வழிபாட்டில் ‘எங்கிருந்தாலும் காக்கப்படுக’ என்று வேண்டிக்கொள்வது இறந்தாருக்கும் இருப்பாருக்கும் பொருந்தும். திரும்பி வந்தவர் கேட்டாலும் வருந்த இடமில்லாத நினைவுகூர்தலே நல்ல நினைவுகூர்தல்.

உலகுக்கு இதனைக் கற்பித்தோர் அர்ஜென்டினாவின் தாய்மார். இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்ட தம் இளம் மக்களைக் கேட்டு, 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று தலைநகர் புவெனஸ் ஐரிசின் மே சதுக்கத்தில் அவர்கள் கூடினர். பின்னர் வியாழக்கிழமைதோறும் அச்சதுக்கத்தைச் சுற்றி நடந்தனர். தலையில் கட்டிய வெண்துணி அவர்களின் அடையாளமாயிற்று. முதலில் அது பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் கட்டிய துணியே. அவ்வியக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அசுசேனா வில்யாஃப்ளோர் அவ்வாண்டு டிசம்பரில் தாமே கடத்தப்பட்டுக் காணாமற்போனார். அர்ஜென்டினத் தடய மானிடவியல் குழு 2005ஆம் ஆண்டு அவருடைய எச்சங்களை அடையாளம் கண்டது. அவர் சாம்பல் அதே சதுக்கத்தில் வைக்கப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் விடை வரக்கூடும் என்பதற்கு இது சான்று. தனித்தனியே அழுத தாய்மார் ஒன்றாக நடக்கத் தொடங்கியதும் அவர்களுடைய துயர் ஊரறிந்த நினைவாயிற்று என்பதும் இதில் நாம் கற்கத்தக்கது. ஆகஸ்டு 30ஆம் நாளை, வலிந்து காணாமலாக்கப்பட்டோருக்கான உலக நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2011 முதல் கடைப்பிடித்து வருகிறது.

உறவினரும் அயலாரும் அறிய வேண்டியவை

காணாமற்போனவரைக் குடும்பத்தினர் ‘இருக்கிறான்’ என்று பேசினால் நீங்களும் அவ்வாறே பேசுங்கள். ‘இருந்தான்’ என்று அவர்கள் சொன்னால் திருத்த வேண்டாம். அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தையே பின்பற்றுங்கள்.

அவர் பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் தாய் அழுவாரோ என்று அஞ்சி எல்லாரும் மௌனமாவதே அத்தாய்க்குப் பெருந்தனிமை. ‘போன வருடம் இந்தத் திருவிழாவில் அவன்தான் பந்தல் போட்டான்’ என்பது போன்ற சிறு நினைவு அவருக்கு உணவு போன்றது.

‘மறந்துவிடுங்கள்’, ‘மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்’, ‘நிச்சயம் வந்துவிடுவான்’ ஆகிய மூன்றையும் தவிர்த்தல் நலம். முதலிரண்டு இயலாதவை, மூன்றாவதை உறுதிசொல்ல நம்மால் முடியாது. ‘எனக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்’ என்பது உண்மை, அதுவே தாங்கும்.

திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்கு அழைப்பிதழ் கொடுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். அபசகுனம் என்று ஒதுக்குவது கொடுமை.

முதல் மாதத்தில் வந்த கூட்டம் மூன்றாம் ஆண்டில் இராது. மூன்றாம் ஆண்டிலும் வருபவராக நீங்கள் இருங்கள். காவல் நிலையத்துக்கு உடன் செல்வது, மாத்திரை வாங்கி வருவது, ஒரு வேளை உணவு கொடுப்பது, இரவில் துணைக்குப் படுப்பது ஆகிய சிறு உதவிகளே நெடுங்காலம் நிற்பவை.

‘உங்கள் மகனைப் பார்த்தேன், பணம் அனுப்புங்கள்’ என்று அழைக்கும் ஏமாற்றுக்காரரும், தாயின் நகையை விற்கவைக்கும் குறிசொல்வோரும் இக்குடும்பங்களைத் தேடி வருவர். வரும் அழைப்புகளை எல்லாம் சற்று நிதானமான உறவினர் ஒருவர் ஏற்று, விவரங்களைக் குறித்து, காவல்துறையிடம் தெரிவித்த பின்பே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

தேடலில் மறவாதவை

புகார் கொடுக்க இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. அவ்வாறு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உடனே காவல் நிலையம் சென்று, அண்மைக்காலப் புகைப்படம், உயரம், மச்சம், தழும்பு, பல் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் எல்லா அலுவலகங்களும் அதனைக் கேட்கும். அவர் எங்கள் மருத்துவமனையில் முன்பு சிகிச்சை பெற்றிருந்தால், எலும்பு ஊடுகதிர்ப் படங்களும் பற்பதிவுகளும் அடையாளம் காண உதவும் என்பதையும் காவல்துறையினரிடம் சொல்லுங்கள். நாள்கள் கடந்தபின், பெற்றோரிடமோ உடன்பிறந்தாரிடமோ எடுக்கும் மரபணு மாதிரியும் பயன்படும்.

மனநோயோடு வெளியேறியவரைப் பற்றி ஒரு சட்டத்தை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 100ஆம் பிரிவின்படி, மனநோயுடன் வீடின்றி அலைபவர் ஒருவரைக் கண்டால் காணாமற்போனவராக முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். அவர் குடும்பத்தைத் தேடித் தகவல் தருவது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பானியன்’ தெருவில் வாடிய மனநோயுற்ற பெண்களுக்குச் சிகிச்சை தந்து, பலரைக் குடும்பத்தோடு சேர்த்துள்ளது. மகாராஷ்டிரத்தில் மனநல மருத்துவர் பரத் வாட்வானியின் ‘ஷ்ரத்தா’ அமைப்பு, இவ்வாறு அலைந்த ஆயிரக்கணக்கானோரைப் பல மாநிலங்களிலுள்ள வீடுகளுக்குத் திருப்பி அனுப்பியது. அதற்காக 2018ஆம் ஆண்டு அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. நம்பிக்கை வைப்பது பேதைமை அன்று என்பதற்காக இவற்றைச் சொல்கிறோம்.

வயது வந்த ஒருவர் தாமே விரும்பி விலகியிருந்தால், அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துவர எவருக்கும் உரிமை இல்லை. ‘உயிரோடிருக்கிறார்’ என்ற செய்தி மட்டும் கிடைக்கக்கூடும். அச்செய்தியையும் ஒரு கொடையாக ஏற்க வேண்டிய நேரம் வரலாம். திரும்பி வந்தவரிடம் முதல் நாளே ‘எங்கே போனாய், ஏன் போனாய்’ என்று விசாரிக்க வேண்டாம். உணவும் உறக்கமும் மருத்துவப் பரிசோதனையும் முதலில், கேள்விகள் பின்னர்.

ஏழு ஆண்டுகள் வரை ஒருவரைப் பற்றி, இயல்பாக அறிந்திருக்க வேண்டியவர்கள் எவரும் ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் விதி. சொத்து, ஓய்வூதியம் போன்றவற்றுக்காகக் குடும்பங்கள் இவ்விதியின்கீழ் நீதிமன்றத்தை நாடுகின்றன. அவ்வாறு செய்வது துரோகம் அன்று. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு தாய் அரசின் தாளில் இடும் கையொப்பம் மட்டுமே அது. மனத்தில் அவர் எவ்வளவு காலம் காத்திருக்க விரும்புகிறாரோ அவ்வளவு காலம் காத்திருக்கலாம். இவ்வேறுபாட்டை உணர்ந்தே இலங்கையில் 2016ஆம் ஆண்டு, ‘இறந்தார்’ என்று சொல்லாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்குச் சட்டம் வழிசெய்தது.

எப்போது மருத்துவ உதவி நாட வேண்டும்

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ உணவோ சரியாக இல்லாவிடில், வழக்கமான மாத்திரைகளை நிறுத்திவிட்டால், மது மிகுந்தால், வேலைக்கோ பள்ளிக்கோ செல்ல இயலாவிடில் மருத்துவரிடம் வாருங்கள். ‘நானும் போய்விடுகிறேன்’ என்ற சொல் வாயில் வந்தால் அன்றே வாருங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். நடு இரவாயினும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இம்மடலைப் படிப்போருள் இத்துயரோடு வாழ்பவர் இருக்கலாம். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, தலைவலி என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ‘எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைக் காணவில்லை’ என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். பிள்ளையின் பெயரையும் சொல்லுங்கள்.